பூங்கா நிலத்துக்கு மாற்று நிலமா? ஆட்சேபனை மனு எழுத உதவுங்கள்

வணக்கம். எங்கள் மனைப்பிரிவில் ஓஎஸ்ஆர் (பொதுப் பயன்பாட்டுக்கான திறந்தவெளி ஒதுக்கீடு) பூங்காவாக ஒதுக்கிய இடத்தை அடுக்குமாடி கட்டுபவருக்குக் கொடுத்துவிட்டு, ஏரிக்கரையோரம் அதே அளவு நிலம் வாங்கிக்கொள்ளலாம் என்று பேச்சு நடக்கிறது. பரப்பு சமமானால் போதாது. மாற்று நிலத்துக்குப் பொதுச்சாலை வழி வேண்டும், மழைநீர் தேங்கக் கூடாது, மேலே உயரழுத்த மின்கம்பி போகக் கூடாது. குழந்தைகள் நடந்தே போகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்பதையும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி மனைப்பிரிவின் பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், சாலை நீங்கலாக 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பணமாகக் கட்ட முடியாது. பல இடங்களில் சறுக்குவது இங்கேதான்: வரைபடத்தில் பூங்கா இருக்கும், பத்திரம் பதிவாகியிருக்காது, பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். அதனால் வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டோம். ஒப்புதல் வரைபடம், தானப் பத்திர எண், தீர்மான நகல் கேட்டு ஆர்டிஐ மனுவும் போயிருக்கிறது; பதிலுக்கு 30 நாள்.

பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியது செல்லாது என்று 1991-இல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிலத்துக்கு நிலம் மாற்றும்போதும் அந்தத் தீர்ப்பு பொருந்துமா? இதுபோல் ஆட்சேபனை எழுதியவர்கள் மாதிரி மனு இருந்தால் பகிருங்கள். புலப்படம் (நில அளவை வரைபடம்) படித்து எல்லை சொல்லத் தெரிந்த சர்வேயர் யாராவது இருந்தால் அவசரமாகத் தேவை.