கிளைடர் பழக எந்தக் கிளப்பில் சேரலாம்?

கேள்வி:
எஞ்சின் இல்லாமல் பறக்கப் பழக வேண்டும் என்பது என் பல வருட ஆசை. போய்வரும் தூரத்தில் இரண்டு கிளப்புகள் இருக்கின்றன. கிளைடரை மேலே ஏற்ற ஒன்றில் வின்ச் (தரையில் இருந்தபடி கம்பியைச் சுருட்டி இழுக்கும் இயந்திரம்), இன்னொன்றில் இழுவை விமானம். புதியவருக்கு எது நல்லது?

பதில் 1:
நான் வின்ச்சில் பழகியவன். கம்பி இழுக்க ஆரம்பித்தால் ஒரு நிமிடத்துக்குள் 300, 400 மீட்டர் ஏறிவிடும். மேலெழும் வெப்பக்காற்று சிக்காவிட்டால் ஐந்தாறு நிமிடத்தில் தரை. ஆரம்பத்தில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே நாளில் நாலு தரையிறக்கம் பழகியதில்தான் என் கை நிதானப்பட்டது. இழுவை விமானம் 600 மீட்டர் வரைக்கும் கொண்டுபோகும், திருப்பங்கள் பழக நேரம் கிடைக்கும், செலவும் கூடும்.

என்னைக் கேட்டால், அதைவிட ஆட்கள் முக்கியம். சேருமுன் ஒரு நாள் முழுக்க ஓடுதளத்தின் ஓரம் நின்று பாருங்கள். எத்தனை மாணவர்களுக்கு எத்தனை பயிற்றுநர்கள்? இரட்டை இருக்கை கிளைடர் ஒன்றே ஒன்றுதானா? அது பழுதுக்குப் போனால் உங்கள் பயிற்சியும் நின்றுவிடும். நான் முதலில் சேர்ந்த இடத்தில் அப்படித்தான் இரண்டு மாதம் போனது.

பதில் 2:
வாராவாரம் பயிற்றுநர் மாறுவாரா என்றும் கேளுங்கள். ஆளுக்கொரு மாதிரி சொன்னால் குழம்பிப்போவீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இந்தச் சனிக்கிழமை வின்ச் கிளப்புக்குப் போய் நாள் முழுக்க நிற்கப்போகிறேன்.

பதில் 1:
தொப்பி, தண்ணீர் மறக்காதீர்கள். இறங்கிய கிளைடரைத் தள்ளக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். இறக்கை நுனியை எப்படிப் பிடிப்பது என்று அவர்களே சொல்லித்தருவார்கள்.