ஃபைலை அழித்த பிறகும் டிஸ்க் 100 சதவீதம்தான் காட்டுகிறது, என்ன செய்ய?

வண்ணாரப்பேட்டை தம்பி:
எங்கள் ஜவுளிக்கடையின் பில்லிங் சர்வரில் உபுண்டு மேல் மைஎஸ்க்யூஎல் 8 ஓடுகிறது. இன்று மதியம் பில் போடுவது நின்றுவிட்டது, டிஸ்க்கில் மிச்சம் எவ்வளவு என்று 'டிஎஃப் -எச்' அடித்துப் பார்த்தால், லாக்குகள் கிடக்கும் வார் பார்டிஷன் முழுக்க நிறைந்திருக்கிறது. மெதுவாக ஓடும் க்வெரிகளைக் குறித்துவைக்கும் ஸ்லோ க்வெரி லாக் மட்டுமே 38 ஜிபி, அதை 'ஆர்எம்' போட்டு அழித்துவிட்டேன். ஃபைல்களின் அளவை 'டியூ' வைத்துக் கூட்டினால் 38 ஜிபி குறைந்திருக்கிறது, ஆனால் டிஎஃப் இன்னும் 100 என்கிறது. ஆனித் தேரோட்டம் நெருங்குவதால் டவுன் கடையில் கூட்டம் நிற்கிறது. டேட்டாபேஸை ரீஸ்டார்ட் பண்ணிவிடவா?

அம்பை அண்ணாச்சி:
ரீஸ்டார்ட் வேண்டாம் தம்பி, கொஞ்சம் பொறுங்கள். ஆர்எம் அழிப்பது ஃபைலின் பெயரைத்தான். அந்த ஃபைலை ஏதாவது ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) திறந்து வைத்திருக்கும்வரை, சிஸ்டத்தின் மையமான கெர்னல் இடத்தை விடாது. டியூ பெயர் இருக்கும் ஃபைல்களை மட்டும் எண்ணும், டிஎஃப் நேராக ஃபைல்சிஸ்டத்திடம் கேட்கும், அதனால்தான் கணக்கு இடிக்கிறது.

'சுடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1' அடியுங்கள், பெயர் போயும் திறந்தே இருக்கும் ஃபைல்கள் எல்லாம் வரும். அதில் உங்கள் 38 ஜிபி மைஎஸ்க்யூஎல்டி (மைஎஸ்க்யூஎல் சர்வர் ப்ராசஸ்) பெயரில் நின்றால், டேட்டாபேஸுக்குள் போய் 'ஃப்ளஷ் ஸ்லோ லாக்ஸ்' கொடுங்கள். பழைய ஃபைலை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறக்கும், இடமும் திரும்பிவிடும், கடையில் யாருக்கும் தெரியாது. இனிமேல் ஓடிக்கொண்டிருக்கும் லாக்கை ஆர்எம் பண்ணாதீர்கள், 'ட்ரங்கேட் -எஸ் 0' போட்டால் ஃபைல் அப்படியே இருக்கும், உள்ளே உள்ளது மட்டும் காலியாகும். லாக்குகளை அவ்வப்போது மாற்றிப் பழையதை நீக்கும் லாக்ரொட்டேட்டிலும் அந்த ஃபைலைச் சேர்த்துவிடுங்கள்.

தென்காசிக்காரன்:
அண்ணாச்சி சொன்னது சரி. இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், இடம் இல்லை என்ற பதற்றத்தில் டேட்டாபேஸின் சொந்தக் கோப்புறைக்குள் மட்டும் ஆர்எம் போடவே கூடாது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு டேட்டாபேஸ், மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் 'பிஜி எக்ஸ்லாக்' கோப்புறையைச் சாதாரண லாக் என்று நினைத்து ஒருவர் காலி செய்துவிட்டார், அதற்குப் பிறகு டேட்டாபேஸ் எழும்பவே இல்லை, முந்தின நாள் பேக்கப்பிலிருந்து கட்டினோம், ஒரு நாள் கணக்கு போனது போனதுதான். இந்தக் குழப்பம் பலருக்கும் வந்ததால்தான் 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் அதன் பெயரையே 'பிஜி வால்' என்று மாற்றினார்கள். அது வீங்கினால் யாரும் படிக்காமல் கிடக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட் (நகல் சர்வருக்காக அந்த லாக்கைப் பிடித்துவைப்பது) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டேட்டா மாற்றங்களைப் பதியும் மைஎஸ்க்யூஎல் பின்லாக்கும் (பைனரி லாக்) அப்படித்தான், கையால் அழிக்காமல் 'பர்ஜ் பைனரி லாக்ஸ்' கொடுக்க வேண்டும். 8இல் எதுவும் மாற்றாமல் விட்டால் 30 நாள் பின்லாக் சேரும், சின்ன டிஸ்க்குக்கு அது அதிகம்.

வண்ணாரப்பேட்டை தம்பி:
ஃப்ளஷ் கொடுத்த உடனே இடம் திரும்பிவிட்டது, பில் ஓடுகிறது. ரொம்ப நன்றி அண்ணாச்சி. பேக்கப் தினமும் ராத்திரி எடுக்கிறேன், டேட்டாவை வெளியே எழுதும் மைஎஸ்க்யூஎல்டம்ப்பை பைப் போட்டு, சுருக்கித் தரும் ஜிஸிப்புக்கு அனுப்புகிறேன், பிழை எதுவும் வந்ததில்லை.

அம்பை அண்ணாச்சி:
அந்த 'பிழை வந்ததில்லை' என்பதை நம்பாதீர்கள் தம்பி. பைப்பில் கடைசிக் கட்டளையின் முடிவைத்தான் ஷெல் (கட்டளைகளை ஓட்டும் புரோகிராம்) எடுத்துக்கொள்ளும். டம்ப் பாதியில் செத்தாலும் ஜிஸிப் நல்லபடியாக முடிந்தது என்றே சொல்லும், ஸ்கிரிப்ட்டும் வெற்றி என்று எழுதிவிடும். ஸ்கிரிப்ட் பாஷ் ஷெல்லில் இருந்தால் அதன் தலையில் 'செட் -ஓ பைப்ஃபெயில்' போடுங்கள், நடுவில் எது தோற்றாலும் தோல்வி என்றே வரும். அப்புறம் சுருக்கிய ஃபைலை விரித்துக் காட்டும் 'ஸீகேட்' கொடுத்து 'டெயில்' வழியாகக் கடைசி வரியைப் பாருங்கள், முழுதாக முடிந்த டம்ப்பில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று நேரத்தோடு இருக்கும். இன்றைக்கே பாருங்கள், டிஸ்க் நிறைந்தது நேற்று ராத்திரியே என்றால் நேற்றைய பேக்கப் முழுசாக இருக்காது. இன்னொன்று, பேக்கப்பும் அதே வார் பார்டிஷனில் கிடந்தால் அங்கிருந்து நகர்த்துங்கள்.

நீளமான வேலை எதையும், தொடர்பு போனாலும் டெர்மினலைச் சர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸ் திறந்து அதற்குள் ஓடவிடுங்கள். நம் பக்கம் கரண்ட் போய் நெட் அறுந்தாலும் சர்வரில் வேலை நடந்துகொண்டே இருக்கும், திரும்ப உள்ளே வந்து 'டிமக்ஸ் அட்டாச்' அடித்தால் விட்ட இடத்திலேயே நிற்கும்.

வண்ணாரப்பேட்டை தம்பி:
பார்த்துவிட்டேன். நேற்றைய ஃபைலில் அந்தக் கடைசி வரி இல்லை, அதற்கு முந்தின நாளுடையதில் இருக்கிறது. பைப்ஃபெயில் போட்டு, வேறு டிஸ்க்குக்கு இப்போதே புதிதாக ஒன்று எடுக்கிறேன், டிமக்ஸுக்குள்தான்.