குமாசி ஓவியத் துறை மாறியது எப்படி: பாடத்திட்டத்தாலா, அதற்கு வெளியிலா?

கரிக்கோடு:
ஆப்பிரிக்காவில் நுண்கலைக் கல்வி மாறியதற்கு எடுத்துக்காட்டு கேட்டால் பலரும் கானாவின் குமாசியைத்தான் சொல்கிறார்கள். அங்குள்ள குவாமே நிக்ரூமா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஓவிய, சிற்பத் துறையும், அதிலிருந்து கிளைத்த பிளாக்ஸ்டார்லைன்ஸ் குழுவும் உண்மையில் எதை மாற்றின? பாடத்திட்டத்தைத் திருத்தினார்களா, இல்லை அதைத் தொடாமலே வேலை நடந்ததா? மாணவர்கள் சந்தையிலும் தெருவிலும் செய்த வேலைகளில் எது சிக்கலாகும் என்பதும் தெரிய வேண்டும்.

சாந்துக்கரண்டி:
பாடத்திட்டத் தாளை மட்டும் வைத்துத் தேடினால் விடை கிடைக்காது. அந்தத் துறையின் வேர், தலைநகர் அக்ராவில் இருந்த 1920-களின் அச்சிமோட்டா கல்லூரியில் இருக்கிறது. பள்ளி ஓவிய ஆசிரியர்களை உருவாக்க ஆங்கிலேயர் வகுத்த பயிற்சி அது. 1952-இல் குமாசிக்கு இடம்பெயர்ந்தபோது உருவ வரைவு, அசையாப் பொருள், கித்தான் ஓவியம், சிலை என்ற அதே வரிசையும் கூடவே வந்தது.

2003 முதல் அந்தத் துறை ஆசிரியர் காரிகாச்சா செய்டூ தன் வரைவு வகுப்பில் கை வைத்தார். ஆசிரியருக்குத் தெரியும், மாணவருக்குத் தெரியாது என்ற ஏற்பாட்டையே அவர் ஏற்கவில்லை. எந்தப் பொருள், எந்த இடம், எந்த ஊடகம் என்பதை மாணவரே முடிவு செய்யலாம்; ஆனால் ஏன் என்று சொல்லியாக வேண்டும். வேலைகள் வளாகத்துக்கும் நகரத்துக்கும் பரவின. வகுப்பறைச் சுவரில் தொங்குவதைக் கொண்டு மதிப்பிடும் பழக்கம் அங்கேதான் ஆட்டம் கண்டது.

பிளாக்ஸ்டார்லைன்ஸ் என்ற பெயர் வந்தது 2015-இல், அதாவது பன்னிரண்டு ஆண்டு கழித்து. கறுப்பின மக்களின் தலைவர் மார்கஸ் கார்வி நடத்திய 'பிளாக் ஸ்டார் லைன்' கப்பல் நிறுவனத்தின் பெயரை மாற்றி எழுதியது அது. அந்த ஆண்டே அக்ராவின் அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் பெரிய கண்காட்சி வைத்தார்கள். 2016-இலும் 2017-இலும் தொடர்ந்தார்கள். மாணவர், ஆசிரியர், பழைய மாணவர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். என்னைக் கேட்டால், அந்தப் பன்னிரண்டு ஆண்டுதான் கவனிக்க வேண்டியது. குழுவுக்குப் பெயர் வைத்துவிட்டு வகுப்பை மாற்றவில்லை. வகுப்பு மாறிய பிறகுதான் குழு வந்தது.

சணல்நூல்:
சிக்கல்களைப் பொருளை வைத்தே சொல்கிறேன். அங்கே படித்த கலைஞர் இப்ராஹிம் மஹாமா, பழைய கோகோ சாக்குகளைத் தைத்துச் சேர்த்துக் கட்டடங்களைப் போர்த்துகிறார்; அந்தச் சாக்குத் துணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கானாவில் ஒரு கோகோ மூட்டையின் நிகர எடை 62.5 கிலோ, 16 மூட்டை ஒரு டன். கோகோ போன பிறகு அதே சாக்கு சோளத்துக்கும் கரிக்கும் போகிறது. அச்சு எழுத்து, கை எழுத்து, கரிப்புழுதி, ஒட்டுத் தையல் எல்லாம் அதன் மேலேயே இருக்கும். மாணவர்கள் செய்யும் முதல் தவறு அதைத் துவைப்பது. துவைத்தால் வெறும் சணல்தான் மிஞ்சும்.

பக்கத் தையலைப் பிரித்து விரித்தால் ஒரு சாக்கு ஏறக்குறைய ஒன்றரைச் சதுர மீட்டர் வரும். நூறு சாக்கு சேர்ந்தால் ஒரு கட்டடத்தின் ஒரு பக்கத்தை மூடலாம். ஆனால் உலர்ந்த நிலையிலேயே நூறு கிலோ அளவுக்கு இருக்கும். மழையில் நனைந்தால் எடை எங்கேயோ போய்விடும். பாரத்தைத் தையல் தாங்காது. மேல் விளிம்பில் மடிப்பு வைத்து உள்ளே கயிறு ஓட்டி, பாரத்தைக் கயிற்றுக்கு மாற்ற வேண்டும். இரண்டு துணியை இணைக்கும்போது நாலைந்து சென்டிமீட்டர் மேலேற்றித் தைக்காவிட்டால் ஓரம் பிரிந்துகொண்டே போகும்.

காலமும் முக்கியம். குமாசியில் இரண்டு மழைக்காலம். பெரியது மார்ச், ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை. அப்போது வெளியே தொங்கவிட்டால் பூஞ்சை பிடிக்கும். டிசம்பர், ஜனவரியில் சகாராவிலிருந்து வரும் வறண்ட ஹர்மட்டான் காற்று: சணல் மொரமொரவென்று காயும், தீப்பொறி ஒன்று போதும். சந்தையில் அடுப்பு எரிகிற பக்கம் தொங்கவே விடக்கூடாது.

அனுமதியை ஒரே ஆளிடம் வாங்கினால் போதாது. நகராட்சி சரி என்றாலும், அந்த இடத்தில் கடை போடுபவர்களிடமும் சுமை தூக்குபவர்களிடமும் பேசாவிட்டால் மறுநாள் காலையில் துணி கீழே கிடக்கும், அவர்கள் பக்கம் நியாயத்தோடு. தைப்பவர்களுக்குக் கூலியை நாள் கணக்கில் முன்பே பேசி முடியுங்கள்.

மண்குதிர்:
ஒரு எதிர்க்கருத்து. குமாசியே முதல் முயற்சி என்ற எண்ணம் வேண்டாம். மொரோக்கோவின் காசாபிளாங்கா நுண்கலைப் பள்ளியில் ஃபரீத் பெல்காஹியா 1962 முதல் 1974 வரை இயக்குநர். ஓவியர்கள் மெலேஹியும் ஷபாவும் கூட இருந்தார்கள். ஐரோப்பியச் சிலைகளைப் பார்த்து வரைவதற்குப் பதில் அமாசிக் (பெர்பர்) மக்களின் கம்பளம், நகை, கூரை ஓவியம் எல்லாம் பாடமாயின. 1969-இல் மராகேஷின் ஜெமா எல்ஃப்னா திடலில், மக்கள் நடமாடும் இடத்தில், படங்களைத் தொங்கவிட்டார்கள்.

அதற்கும் முன்னால், 1958-இல், நைஜீரியாவின் ஸாரியாவில் உசே ஒகேகேயும் டெமாஸ் ந்வோகோவும் மற்ற மாணவர்களும் சேர்ந்து கலைச் சங்கம் தொடங்கினார்கள். அங்கே ஆசிரியர்களுக்காகக் காத்திருக்கவில்லை. பின்னால் ஒகேகே ந்சுக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, இக்போ இனப் பெண்கள் உடலிலும் சுவரிலும் வரைந்துவந்த 'உலி' என்ற கோட்டோவியங்களை வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்தார். மாணவர் சங்கத்தில் பிறந்தது ஆசிரியரின் பாடமாக மாற ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டு ஆனது. குமாசியில் அது தலைகீழ்.

கரிக்கோடு:
மிகவும் நன்றி. மதிப்பெண்? வேலை சந்தையில் தொங்கினால் தேர்வாளர் எதைப் பார்த்து எண் போடுவார்?

சாந்துக்கரண்டி:
இங்கேதான் பல துறைகள் நின்றுபோகின்றன. விதிமுறையில் 'கித்தான், இத்தனை சென்டிமீட்டர்' என்று எழுதியிருந்தால் முதலில் அந்த வரியை 'இறுதிப் படைப்பு' என்று மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பெரிய திருத்தத்துக்குப் போனால் கல்விக்குழுவில் வருடக்கணக்கில் கிடக்கும்.

தேர்வாளர்கள் இருவரும் இரண்டு முறை போக வேண்டும்: வைத்த அன்று ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை. அந்த வாரத்தில் வேலைக்கு என்ன நேர்ந்தது, யார் தொட்டார்கள், மாணவர் எதைச் சரிசெய்தார், எதை விட்டுவிட்டார் என்பதைத் தேதி போட்ட குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு தேர்வாளர்களும் பேசிக்கொள்வதற்கு முன்பே தனித்தனியாக எண் எழுதிவிட வேண்டும். புகைப்படத்தை மட்டும் பார்த்து எண் போட விடாதீர்கள்; நல்ல கேமரா வைத்திருப்பவர் ஜெயித்துவிடுவார்.