உதவி: அப்பாவுக்கு இரண்டு ஊசியும் போட்டாச்சு, கோவின் தடுப்பூசித் தளத்தில் இரண்டுமே ‘முதல் டோஸ்’ என்று நிற்கிறது. டிசம்பர் 4 சபரிமலை புக்கிங்

தேனி_மாலைக்காரன் | 22 நவம்பர் 2021

வணக்கம். அப்பாவுக்கு வயது 57, ஐப்பசியிலேயே மாலை போட்டுவிட்டார். சபரிமலை விர்ச்சுவல் க்யூவில் (ஆன்லைன் தரிசன முன்பதிவு) டிசம்பர் 4 கிடைத்திருக்கிறது. இரண்டு டோஸ் சான்றிதழ், இல்லையென்றால் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் கொரோனா பரிசோதனையில் நெகட்டிவ், இதில் ஏதாவது ஒன்று கட்டாயம் என்கிறார்கள்.

சிக்கல் இதுதான். ஜூலை 5-ல் முதல் கோவிஷீல்டு. வாக்காளர் அட்டை கொடுத்தோம், என் கைபேசி எண். இரண்டாவது அக்டோபர் 10 மெகா முகாமில். நான் வேலைக்குப் போயிருந்தேன், அப்பா தனியாகப் போனார். அங்கே போன் நம்பர் கேட்டிருக்கிறார்கள். என் எண் அவருக்கு மனப்பாடம் இல்லை. பக்கத்து டீக்கடை அண்ணன் தன் எண்ணைச் சொல்லிவிட்டார், அடையாளத்துக்கு ஆதார். ஊசி போட்டாச்சு, சான்றிதழும் டீக்கடைக்கு வந்துவிட்டது. திறந்து பார்த்தால் ‘முதல் டோஸ்’! என் எண்ணுக்கோ ‘இரண்டாம் டோஸ் தேதி கடந்துவிட்டது’ என்று குறுஞ்செய்தி வந்துகொண்டே இருக்கிறது. ஊர் சுகாதார நிலையத்தில் கேட்டால் “ஆன்லைன்ல பாத்துக்கங்க” என்கிறார்கள். என்ன செய்வது?

முகாம்_டேட்டா_என்ட்ரி | 22 நவம்பர்

இது உங்கள் அப்பாவுக்கு மட்டும் நடந்ததில்லை சாமி. நான் முகாம்களில் பதிவு போடும் ஆள். கோவினில் ஆளைத் தேடுவதே கைபேசி எண்ணை வைத்துத்தான். அந்த எண்ணில் பழைய பதிவு இல்லையென்றால் புதிதாகத்தான் பதிய முடியும். புதிய பதிவுக்குப் போடும் ஊசியை அது முதல் டோஸ் என்றுதான் எடுத்துக்கொள்ளும். வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது, நெட் சுற்றிக்கொண்டே இருக்கும்போது, “பழைய சர்டிபிகேட் இருக்கா?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது. கேட்கத்தான் வேண்டும், அது வேறு விஷயம்.

வழி இருக்கிறது. கோவின் தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்து உள்ளே போங்கள். ‘ரெய்ஸ் ஆன் இஷ்யூ’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதற்குள் இரண்டு முதல் டோஸ் சான்றிதழ்களை ஒன்றாக இணைக்க ‘மெர்ஜ்’ என்று ஒரு தேர்வு உண்டு. அதைத் தொடுவதற்கு முன் இரண்டு சான்றிதழையும் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பயனாளர் பதிவு எண் இரண்டிலும் தனித்தனியாக அச்சாகியிருக்கும். டீக்கடை அண்ணனையும் போனோடு பக்கத்தில் உட்கார வையுங்கள், அவர் எண்ணுக்கு ஓடிபி போனால் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டிலும் தடுப்பூசி பெயர் ஒன்றாக இருக்கிறதா, தேதிகளுக்கு நடுவே குறைந்தது 84 நாள் இருக்கிறதா என்று பாருங்கள். ஜூலை 5, அக்டோபர் 10 என்றால் அதில் பிரச்சினை இல்லை.

பெரியகுளம்_ரவுண்டானா | 22 நவம்பர்

எதற்கு இவ்வளவு? வியாழக்கிழமை முகாமுக்குக் கூட்டிப்போய் பழைய நம்பரைச் சொல்லி இன்னொரு ஊசி போட்டுவிடுங்கள். ‘இரண்டாம் டோஸ்’ என்று ஏறிவிடும். வேலை முடிந்தது.

முகாம்_டேட்டா_என்ட்ரி | 22 நவம்பர்

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கணினியில் இருக்கும் தப்புக்கு அப்பா கையில் ஊசி குத்துவதா? மூன்றாவது டோஸுக்கு இப்போது நம் நாட்டில் அனுமதியே இல்லை.

வைகை_டவுன்லோட் | 23 நவம்பர்

எங்கள் ஊர் பிரவுசிங் சென்டர் ஒன்றில் ‘முதல்’ என்பதை ‘இரண்டாம்’ என்று மாற்றிக் கொடுக்கிறார்களாம். அவசரம் என்பதால் சொல்கிறேன்.

கம்பம்_மெட்டு | 23 நவம்பர்

அந்தச் சான்றிதழின் மூலையில் இருக்கும் க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தால் கோவினின் சரிபார்ப்புப் பக்கம் உண்மையைச் சொல்லிவிடும். மேலே எதை மாற்றினாலும் கட்டத்துக்குள் இருப்பது மாறாது. மாலை போட்டவரைப் போலிச் சான்றிதழோடு அனுப்பி வைப்பீர்களா?

தேனி சாமிக்கு: நான் 19-ஆம் தேதிதான் போய்வந்தேன், பார்த்ததைச் சொல்கிறேன். நிலக்கல்லில் புக்கிங் சீட்டு, ஆதார், தடுப்பூசிச் சான்றிதழ் மூன்றையும் பார்க்கிறார்கள். போனில் காட்டினாலும் போதும் என்றாலும் அச்செடுத்த தாள்தான் நல்லது, அங்கே சிக்னலை நம்பி நிற்க முடியாது. வண்டியை நிலக்கல்லில் விட்டுவிட்டு கேரள அரசுப் பேருந்தில் பம்பை போக வேண்டும். பம்பையில் குளிக்க விடவில்லை. நீலிமலை வழி மூடியிருக்கிறது, சுவாமி ஐயப்பன் ரோடு வழியாகத்தான் ஏற்றமும் இறக்கமும். சன்னிதானத்தில் இரவு தங்க முடியாது. நெய்த்தேங்காயைக் கவுன்டரில் கொடுத்தால் அபிஷேகம் செய்த நெய்யைத் தருகிறார்கள். முன்பு போல நாமே வரிசையில் நின்று அபிஷேகம் பார்ப்பது இந்த வருடம் இல்லை, அப்பாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் குருசாமிக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது, இறங்கும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் வந்த மறுநாள், 20-ஆம் தேதி, பம்பையில் வெள்ளம் என்று யாத்திரையையே நிறுத்தினார்கள். அதனால் கிளம்பும் நாள் காலையில் செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

தேனி_மாலைக்காரன் | 23 நவம்பர்

ரொம்ப நன்றி. மெர்ஜ் கோரிக்கை போட்டுவிட்டேன். ‘பெறப்பட்டது’ என்று மட்டும் வந்திருக்கிறது. டிசம்பர் 4-க்குள் இணையவில்லை என்றால்? இன்னொன்று, ஒரு பதிவில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால் இருக்கிறது. அதையும் திருத்தவா?

முகாம்_டேட்டா_என்ட்ரி | 23 நவம்பர்

இனிஷியலை இப்போது தொடாதீர்கள். பெயர்த் திருத்தம் ஒரு தடவைதான் செய்ய விடும். இணைந்து வரும் சான்றிதழைப் பார்த்துவிட்டு, புக்கிங்கில் கொடுத்த அட்டையோடு ஒத்துப்போகவில்லை என்றால் மட்டும் திருத்துங்கள். ஒரு வாரத்தில் அசையவில்லை என்றால் 104-க்கு அடியுங்கள், மத்திய அரசு எண் 1075. இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு ஊசி போட்ட வட்டாரத்தின் சுகாதார அலுவலரையும் நேரில் பாருங்கள், போனில் சொன்னால் நம் கதை யாருக்கும் புரியாது.

கம்பம்_மெட்டு | 23 நவம்பர்

மாற்று ஏற்பாடு ஆர்டி-பிசிஆர்தான். அரசு மருத்துவமனையில் இலவசம், தனியார் லேபில் 900 ரூபாய்தான் உச்சவரம்பு, அதற்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள். 4-ஆம் தேதி தரிசனம் என்றால் 2-ஆம் தேதி மாதிரி கொடுப்பது சரியாக இருக்கும். 1-ஆம் தேதி கொடுத்தால் மலை ஏறும்போது 72 மணி நேரம் முடிந்துவிடலாம், 3-ஆம் தேதி என்றால் முடிவு வராமல் போகலாம். எதுவுமே கைகொடுக்காவிட்டால் நிலக்கல்லிலேயே பரிசோதனை வசதி இருக்கிறது. ஆனால் அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

சின்னமனூர்_அக்கா | 24 நவம்பர்

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள், இதே ஊசி விஷயம்தான். தங்கச்சி ஐந்து மாதம், முகாமில் போடலாமா? என் வீட்டுக்காரருக்கு முதல் டோஸ் போட்ட பிறகு கொரோனா வந்து சரியானது. அவருக்கு இரண்டாவது எப்போது?

முகாம்_டேட்டா_என்ட்ரி | 24 நவம்பர்

கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2 முதல் அனுமதி உண்டு அக்கா. தங்கச்சி போட்டுக்கொள்ளலாம், மாதா மாதம் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்குக் குணமான நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து. ‘தேதி கடந்துவிட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தால் கண்டுகொள்ள வேண்டாம், அவருக்குக் கொரோனா வந்தது கோவினுக்குத் தெரியாது. இருவரும் முதல் டோஸ் போட்ட அதே எண்ணைச் சொல்லட்டும், டீக்கடை எண் வேண்டாம்!

தேனி_மாலைக்காரன் | 1 டிசம்பர்

இணைந்துவிட்டது! டீக்கடை அண்ணன் இரண்டு நாளாக “வந்துருச்சா, வந்துருச்சா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முதல் டோஸ் ஜூலை 5, இரண்டாம் டோஸ் அக்டோபர் 10, இறுதிச் சான்றிதழ் என்று சரியாக வந்திருக்கிறது. தளம் திணறியதால் வாட்ஸ்அப்பில் 90131 51515 என்ற அரசு எண்ணுக்குச் செய்தி அனுப்பி, ஓடிபி கொடுத்து பிடிஎஃப் இறக்கினேன். இனிஷியல் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறது, திருத்தத் தேவையில்லை. ஆர்டி-பிசிஆர் எடுக்கப்போவதில்லை.

கடைசியாக ஒன்று: இன்று முதல் கேரளாவுக்குப் பேருந்து விட்டிருக்கிறார்களே, குமுளி வழியாகப் பேருந்திலேயே போனால் திரும்பும்போது நம் பக்கம் ஏதாவது கேட்பார்களா?

கம்பம்_மெட்டு | 1 டிசம்பர்

கேட்கலாம். கேரளாவிலிருந்து வருபவர்களுக்கு ஆர்டி-பிசிஆர், இல்லையென்றால் இரண்டாம் டோஸ் போட்டு 14 நாள் கடந்த சான்றிதழ் என்று ஆகஸ்ட் 5-ல் நம் அரசு போட்ட விதி இருக்கிறது. அப்பாவுக்கு அக்டோபரிலேயே முடிந்துவிட்டதால் அதே தாள் போதும். இருமுடியில் வைத்துவிடாதீர்கள், சட்டைப் பையில் இருக்கட்டும்.