பாப்பர் பர்ன் டெக் அடுக்குவதும் ஆடுவதும் – அனுபவப் பகிர்வு

மேஜிக்: த கேதரிங் கார்டு ஆட்டத்தில் காமன் ரகக் கார்டுகளை மட்டும் வைத்து ஆடும் பாப்பர் ஃபார்மட்டில் சிவப்பு பர்ன் (நேரடியாக டேமேஜ் அடித்து எதிராளியின் லைஃப்பைத் தீர்க்கும் டெக், அதாவது கார்டு அடுக்கு) ஆடுபவர்கள் இங்கே எழுதுங்கள். எந்த டெக் எதிரே வந்தது, என்ன எடுபட்டது, எங்கே சொதப்பும் என்று கார்டு பேரோடு சொன்னால் புதிதாக அடுக்குகிறவர்களுக்கு உதவும்.

தொடக்கத்துக்கு ஒரு லிஸ்ட். லைட்னிங் போல்ட், செயின் லைட்னிங், லாவா ஸ்பைக், ரிஃப்ட் போல்ட், ஸ்க்யூவர் த கிரிட்டிக்ஸ், ஃபயர்பிளாஸ்ட் தலா 4, சியரிங் பிளேஸ் 2. க்ரீச்சரில் தெர்மோ-ஆல்கெமிஸ்ட், கிது லாவாரன்னர், கெசிக் ஃபிளேம்ப்ரீதர், வோல்டாரன் எபிக்யூர் தலா 4. மிச்சம் 18 லேண்ட் (கார்டு போடத் தேவையான மானாவைத் தருபவை): 16 மவுண்டன், 2 ஃபர்காட்டன் கேவ். மொத்தம் 60. பழைய லிஸ்ட்களில் மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர் இருக்கும், அது 2023-லேயே பாப்பரில் தடையாகிவிட்டது. அதை அப்படியே காப்பி செய்யாதீர்கள்.

ஏன் 18 லேண்ட்? எதிராளிக்கு 20 லைஃப். 3 டேமேஜ் அடிக்கும் கார்டு ஏழு விழுந்தால் 21. முதலில் ஆடுகிறவர் நான்காவது டர்னுக்குள் 10 கார்டு பார்க்கிறார்: கையில் 7, டிரா 3. அதில் 3 லேண்டும் 7 பர்னும் இருந்தால் கணக்கு முடிந்தது. 18 லேண்ட் வைத்தால் 10 கார்டில் சராசரியாகச் சரியாக 3 லேண்ட் வரும். 20 வைத்தால் 3.33. அந்தக் கூடுதல் லேண்ட் ஒவ்வொன்றும் அடிக்காமல் போன மூன்று டேமேஜ். இந்த டெக்கில் எதைச் சேர்த்தாலும் எதை எடுத்தாலும் இந்த ஏழு கார்டு கணக்கு என்ன ஆகிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

* * *

லிஸ்ட் சரி. வந்த கையை வைத்துக்கொள்வதா, மலிகனா (திருப்பிவிட்டுப் புதிய கை எடுப்பதா) என்பதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். 18 லேண்டில் தொடக்கக் கையில் ஒரே லேண்ட் வர 24 சதவீதம், ஒன்றுமே வராமல் போக 7 சதவீத வாய்ப்பு. அதாவது பத்துக்கு மூன்று கைகள் இப்படித்தான் வரும்.

ஒரு லேண்ட் கையை முதலில் ஆடும்போது வைத்தால், இரண்டாவது டர்னில் இரண்டாவது லேண்ட் கிடைக்க 32 சதவீதம்தான் வாய்ப்பு. இரண்டாவதாக ஆடினால் 54. முதலாவதைத் திருப்பிவிடுங்கள். இரண்டாவதை, கையில் இருப்பதெல்லாம் ஒரு மானா கார்டாக இருந்தால் மட்டும் வையுங்கள். தெர்மோ-ஆல்கெமிஸ்ட் இரண்டு சேர்ந்து வந்திருந்தால் வேண்டாம், இரண்டாவது லேண்ட் வரும்வரை அவை இரண்டும் சும்மா கிடக்கும்.

ஐந்து லேண்ட் கையும் திருப்பிவிட வேண்டியதுதான். எபிக்யூர் இறங்கும்போது கிடைக்கும் பிளட் டோக்கன் அதிகப்படி லேண்டை மாற்றித் தரும் என்று சிலர் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு கார்டை மாற்ற ஒரு மானா செலவாகிறது, அந்த மானாவில் ஒரு போல்ட் போயிருக்கும். மலிகன் எடுத்தால் ஏழு கார்டு எடுத்து ஒன்றை அடியில் வைப்போம் அல்லவா, அப்போது இரண்டு ஃபயர்பிளாஸ்ட் வந்திருந்தால் ஒன்றை யோசிக்காமல் அடியில் வையுங்கள்.

* * *

தெர்மோ-ஆல்கெமிஸ்ட் பற்றி யாரும் எழுதவில்லையே. இந்த டெக்கின் உயிர்நாடி அதுதான் நண்பர்களே. இரண்டாவது டர்னில் இறங்கினால் மூன்றாவது டர்னில் இப்படி ஓட வேண்டும்: முதலில் அதை டேப் செய்து (பக்கவாட்டில் திருப்பிப் பயன்படுத்தி) ஒரு டேமேஜ். பிறகு ஒரு மானா பர்ன் போடுங்கள், ஆல்கெமிஸ்ட் அன்டேப் ஆகும் (நேராகத் திரும்பும்), மறுபடி டேப். மூன்று லேண்டில் மூன்று பர்ன் போட்டால் ஸ்பெல்லில் 9, ஆல்கெமிஸ்ட்டில் 4, ஆக 13 ஒரே டர்னில். டேப் செய்யாமல் முதல் ஸ்பெல்லைப் போட்டால் ஒரு டேமேஜ் வீண். எளிதாகத் தோன்றும் இந்த வரிசைதான் அவசரத்தில் அடிக்கடி தவறும்.

அன்டேப் ஆவது ஸ்பெல்லைப் போட்டதற்கு, அது பலித்ததற்கு அல்ல. எதிராளி கவுன்டர்ஸ்பெல் போட்டு அதை ரத்து செய்தாலும் அந்த ஒரு டேமேஜ் உண்டு. ஃபிளேம்ப்ரீதரும் அப்படியே. நீல டெக்குக்கு எதிரே இவை இரண்டும் போல்ட்டை விட மதிப்பு கூடியவை.

ஸ்க்யூவரை ஒரு மானாவில் போட அந்த டர்னில் எதிராளி லைஃப் இழந்திருக்க வேண்டும். ஆல்கெமிஸ்ட்டின் ஒரு டேமேஜ் போதும், எபிக்யூர் இறங்கும்போது அடிக்கும் ஒன்றும் போதும். இன்னும் நல்லது, முந்தைய டர்னில் ஒரு மானாவுக்கு சஸ்பெண்ட் செய்த (ஒதுக்கி வைத்த) ரிஃப்ட் போல்ட் உங்கள் அப்கீப்பில் (டர்ன் தொடக்கத்தில், கார்டு எடுக்கும் முன்) இலவசமாக விழும்; அன்று ஸ்க்யூவர் தானாகத் தயார். சஸ்பெண்ட் செய்ததும் டெக்கின் மேல் ஒரு டைஸ் வைத்துவிடுங்கள், மறந்து கார்டு எடுக்கக் கை போகும்போது அது தடுக்கும்.

* * *

ஃபயர்பிளாஸ்ட் 4 என்பது எனக்கு ஒப்பவில்லை. 3 போதும், நாலாவது இடத்தில் மூன்றாவது சியரிங் பிளேஸ் வைக்கலாம். 4 டேமேஜ் அடிக்கும் ஒரு ஃபயர்பிளாஸ்ட்டுக்கு மானாவுக்குப் பதில் இரண்டு மவுண்டன் பலி. கையில் இரண்டு இருந்தால் நான்கு மவுண்டன் வேண்டும், மூன்று லேண்டில் நிற்கும் டெக்கில் இரண்டாவது வெறும் காகிதம். ஃபர்காட்டன் கேவ் மவுண்டன் கணக்கில் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது போடுவது? ஆட்டத்தை முடிக்கும் கடைசி ஸ்பெல்லாக மட்டும். டேப் ஆன மவுண்டனையும் பலி கொடுக்கலாம், அதனால் முதலில் மானா எடுத்து போல்ட், ஸ்பைக் எல்லாம் போட்டு அவை பலித்தனவா என்று பாருங்கள், பிறகு அதே மவுண்டன்களைப் பலி கொடுங்கள். இரண்டே மவுண்டனில் போல்ட், ஸ்பைக், ஃபயர்பிளாஸ்ட் மூன்றும் சேர்ந்து 10. எதிராளி 10-ல் நிற்கும்போது உங்களுக்கு இரண்டு லேண்ட்தானே என்று தைரியமாக அத்தனை மானாவையும் செலவழித்துவிடுவார், வாய்ப்பு அங்கேதான். ஆனால் பலி என்பது செலவு. ஃபயர்பிளாஸ்ட்டைக் கவுன்டர் செய்தால் மவுண்டன் இரண்டும் போனது போனதுதான்.

* * *

ப்ரோ, ஃபயர்பிளாஸ்ட் 3-ஆ 4-ஆ என்பது எதிரே யார் என்பதைப் பொறுத்தது. பச்சை டெக் அதிகம் உள்ள இடத்தில் 4 வேண்டும், ஏனென்றால் அது இன்ஸ்டன்ட் (எதிராளியின் டர்னிலும், அவர் ஸ்பெல்லுக்குப் பதிலாகவும் போடலாம்). காரணம் வெதர் த ஸ்டார்ம் என்ற பச்சைக் கார்டு. இரண்டு மானாவுக்கு 3 லைஃப், அந்த டர்னில் அதற்கு முன் யார் போட்ட ஸ்பெல்லானாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காப்பி. ஒரே டர்னில் மூன்று பர்ன் போட்ட பிறகு அது வந்தால் 12 லைஃப்! நீங்கள் அடித்தது 9.

எனவே எதிராளி பச்சையில் இரண்டு மானா திறந்து வைத்திருந்தால் டர்னுக்கு ஒரே ஸ்பெல். அப்போது அவருக்கு 6-க்கு மேல் கிடைக்காது. ஆல்கெமிஸ்ட்டின் டேமேஜ் ஸ்பெல் அல்ல, காப்பி கணக்கில் வராது. ரிஃப்ட் போல்ட் சஸ்பெண்ட் ஆகும்போது கணக்கில் இல்லை, அப்கீப்பில் விழும்போது உண்டு. அவர் லேண்டெல்லாம் டேப் செய்து ஒரு க்ரீச்சர் இறக்கும் டர்னுக்காகக் காத்திருந்து மொத்தமாகக் கொட்டுங்கள். அவர் லைஃப் போல்ட்டும் ஃபயர்பிளாஸ்ட்டும் எட்டும் தூரத்தில், அதாவது 7 அல்லது அதற்குக் கீழே இருந்தால், வெதர் ஸ்டாக்கில் (பலிக்கக் காத்திருக்கும் வரிசையில்) இருக்கும்போதே இரண்டையும் பதிலாகப் போட்டு முடித்துவிடலாம். ஸ்பைக் இன்ஸ்டன்ட் அல்ல, அதனால் அது முடியாது.

வெள்ளையில் லோன் மிஷனரி 4 லைஃப் தரும். அதோடு நின்றால் பரவாயில்லை, கோர் ஸ்கைஃபிஷர் வந்து அதைக் கைக்குத் திருப்பி மறுபடி இறக்கும், இன்னொரு 4. பொதுவாக க்ரீச்சர் மேல் பர்ன் போடாதே என்பார்கள், மிஷனரி மட்டும் விலக்கு. உடனே சியரிங் பிளேஸால் அதைத் தீர்த்தால் எதிராளிக்கும் 3 விழும். ஆனால் அந்த டர்னில் நீங்கள் லேண்ட் இறக்கியிருந்தால்தான் 3, இல்லையென்றால் இரண்டு பக்கமும் 1-தான். இதனால்தான் மூன்றாவது லேண்டைக் கையில் பிடித்து வைப்பது சில நேரம் சரி.

ப்ரிஸ்மாடிக் ஸ்ட்ராண்ட்ஸ் இன்னொரு தலைவலி. சிவப்பு என்று சொன்னால் அந்த டர்னில் உங்கள் டேமேஜ் முழுக்க அவுட். டேமேஜைத் தடுக்க முடியாமல் செய்யும் ஃபிளாரிங் பெயின் சைட்போர்டில் (முதல் கேமுக்குப் பின் மாற்றிக்கொள்ளும் கார்டுகளில்) 2 வையுங்கள். ஸ்ட்ராண்ட்ஸ் பலித்த பிறகு போட்டாலும் அது வேலை செய்யும், கல்லறையிலிருந்து (பயன்படுத்திய கார்டு போகும் இடம்) ஒரு சிவப்பு மானாவுக்கு இன்னொரு முறையும் போடலாம்.

* * *

நீலத்துக்கு எதிரே: எதிராளியின் எண்ட் ஸ்டெப்பில் (டர்ன் முடிவில்) போல்ட். அவர் கவுன்டர்ஸ்பெல்லுக்கு இரண்டு மானா கொடுத்தால் உங்கள் டர்னில் அந்த லேண்ட் இரண்டும் டேப் ஆகித்தான் கிடக்கும், அப்போது ஆல்கெமிஸ்ட்டை இறக்குங்கள். சிவப்பு ஸ்பெல்லை ரத்து செய்யும் ஹைட்ரோபிளாஸ்ட்டுக்கு ஒரே மானா போதும் என்பதால் இரண்டாவது கேமில் ஒற்றை நீல லேண்ட் திறந்திருந்தாலும் நம்பாதீர்கள்.

சைட்போர்டு: பைரோபிளாஸ்ட் 4, ஸ்மாஷ் டு ஸ்மிதரீன்ஸ் 4, சியரிங் பிளேஸ் 2, ஃபிளாரிங் பெயின் 2, ரெலிக் ஆஃப் ப்ரோஜெனிடஸ் 3. ரெட் எலிமென்டல் பிளாஸ்ட்டை விட பைரோபிளாஸ்ட் மேல். அது எதையும் டார்கெட் செய்யும், நீலமாக இருந்தால்தான் அழிக்கும். வேறு வழியில்லாதபோது சொந்த மவுண்டன் மேல் போட்டால்கூட ஆல்கெமிஸ்ட் அன்டேப் ஆகும்.

ஆர்ட்டிஃபாக்ட் கார்டுகள் நிறைந்த அஃபினிட்டி டெக்குக்கு, ஒரு ஆர்ட்டிஃபாக்டை அழித்து அதன் சொந்தக்காரருக்கு 3 டேமேஜ் தரும் ஸ்மாஷ். எதிராளி எளிதாகப் பலி கொடுக்கும் டோக்கனை டார்கெட் செய்தால் அவர் அதைப் பதிலாகப் பலி கொடுத்துவிடுவார், டார்கெட் இல்லாமல் 3 டேமேஜும் போய்விடும். முடிக்க அந்த மூன்று டேமேஜ் மட்டும் தேவைப்பட்டால் ஆர்ட்டிஃபாக்டாகவும் இருக்கும் அழியாத பிரிட்ஜ் லேண்டைக் குறி வையுங்கள். லேண்ட் அழியாது, டேமேஜ் விழும்.

உள்ளே கொண்டுவருவது 4 கார்டைத் தாண்ட வேண்டாம். லிஸ்ட் போட்டவர் சொன்ன ஏழு கார்டு கணக்கு அதற்கு மேல் தாங்காது. வெளியே எடுப்பதில் முதலில் லாவாரன்னர், கல்லறையில் இரண்டு ஸ்பெல் சேரும்வரை அது வெறும் 1/2 (அடிப்பது 1, தாங்குவது 2). ஸ்பைக்கையும் ரிஃப்ட் போல்ட்டையும் தொடாதீர்கள்.

* * *

செயின் லைட்னிங்குக்கு ஒரு சேர்க்கை. எதிரேயும் சிவப்பு டெக் என்றால், அடிபட்டவர் இரண்டு சிவப்பு மானா கொடுத்து அதைக் காப்பி எடுத்து உங்கள் மேலேயே திருப்பலாம். அவரிடம் திறந்த மானா ஒன்றுக்கு மேல் இல்லாதபோது மட்டும் போடுங்கள். முதல் இரண்டு டர்னில் கையில் போல்ட், செயின் இரண்டும் இருந்தால் செயின் முதலில்.