குழியைச் சுற்றி முளைத்த அகாந்தஸ்

மார்க்கம், ஒன்டாரியோ

ஐந்து ஆண்டுகளாகியும் இது என் மனத்தை விட்டு அகலவில்லை. நான் வைத்தது அகாந்தஸ் செடியில் மொல்லிஸ் என்ற வகை. குளிர் மண்டலக் கணக்கில் (எண் குறையக் குறையக் குளிர் கூடும்) 7 வரைதான் தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்ததை, வீட்டின் தெற்குச் சுவரை நம்பி, நான் பொருட்படுத்தவில்லை. முதல் குளிர்காலம் கழிந்து ஏப்ரல் கடைசியில் பார்த்தபோது, பளபளத்த அந்த அகன்ற இலைகள் வேகவைத்துப் பிழிந்த கீரை போல மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. அடித்தண்டை விரலால் அழுத்தினால் பழுப்பு நீர் கசிந்தது. அடியோடு பெயர்த்தெடுத்துக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டு, அதே குழியில் ஒரு ரோஜாவை நட்டேன். ஜூன் மூன்றாம் வாரம் ரோஜாவுக்குத் தண்ணீர் விடக் குனிந்தபோது, குழியின் விளிம்பில், மண்வெட்டியை நான் இறக்கிய இடங்களிலெல்லாம், பல் வெட்டுப்பட்ட பச்சை இலைகள் ஏழு வட்டமாக நின்றன. எவரோ திட்டமிட்டு நட்டது போலிருந்த அந்த வட்டத்தைப் பார்த்தபடி குழாயை மூட மறந்து நின்றேன்.

இன்று ரோஜா இல்லை, அகாந்தஸ் இருக்கிறது. ஆனால் ஒருமுறைகூடப் பூத்ததில்லை. ஒவ்வொரு குளிரிலும் மேற்பகுதி அழுகிப்போக, வேரிலிருந்து புதிதாகத் தொடங்குவதிலேயே அதன் கோடை முழுவதும் கழிந்துவிடுகிறது.

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி

என்னிடம் இருப்பது பால்கன் பகுதிக்குரிய ஹங்காரிக்கஸ் என்ற அகாந்தஸ் வகை. ஆண்டு தவறாமல் ஜூலையில் பூக்கிறது. என் சிக்கல் குளிரால் வந்ததன்று, பெயரால் வந்தது. நகரவாசிகள் வாடகைக்கு எடுத்துப் பயிரிடும் சிறு தோட்டங்களில் ஒன்று எங்களுடையது. பக்கத்துத் தோட்டத்து முதியவர் வேலிக்கு அப்பாலிருந்து அந்தச் செடியின் பெயரைக் கேட்க, நானும் ஜெர்மன் மொழியில் வழங்கும் பெயரையே, 'பேரன்கிளாவ்' என்று, பெருமையாகச் சொன்னேன். கரடியின் நகம் என்பது பொருள். அவர் முகம் வெளுத்தது. சாறு பட்டு வெயிலும் பட்டால் தோலைக் கொப்புளமாக்கும் காக்கசஸ் மலைப்பகுதியின் நச்சுச் செடிக்கும் இங்கே அதே பெயர்தான், முன்னால் 'பெரும்' என்ற அடைமொழி மட்டும் சேரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் நான் சென்றபோது, கையுறையும் முகக் கவசமும் அணிந்த இருவர் என் செடியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளைப் பூக்களின் மேல் கவிந்திருந்த கருஞ்சிவப்பு மடல்களைக் காட்டி, இது அதுவன்று என்று விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. முதியவர் இன்றும் அந்த மூலைப் பக்கம் வருவதில்லை.

லண்டன்

முதலில் எழுதியவர் மொல்லிஸ் பூக்கவில்லை என்று வருந்துகிறார். அதை ஒழிக்க முடியவில்லையே என்று வருந்துபவர்களும் இருக்கிறோம். பழைய வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போன ஒரு செடியை மூன்று முறை தோண்டினேன். விரல் நீள வேர்த்துண்டு ஒன்று மண்ணில் தங்கினாலும் போதும், அது தழைத்துவிடுகிறது. அவர் கண்ட வட்டத்தில் வியப்புக்கு எதுவுமில்லை, நாற்றுப் பண்ணைக்காரர்கள் வேண்டுமென்றே செய்வதை அவர் தெரியாமல் செய்திருக்கிறார்.

எனக்கு வியப்பூட்டியது விதை. காய்ந்த பூந்தண்டு ஒன்றை வெட்டி அடுப்பங்கரை அலமாரியின் மேல் சாடியில் வைத்திருந்தேன். நள்ளிரவில் 'படீர்' என்று ஒரு சத்தம், பிறகு கண்ணாடியில் ஏதோ மோதும் சத்தம். திருடன் கல்லெறிகிறான் என்றே நினைத்தேன். விளக்கைப் போட்டால், மொச்சை அளவு விதைகள் தரையெங்கும் கிடந்தன. கனகாம்பரக் காயை நனைத்து வெடிக்கவிட்டு விளையாடிய எனக்கு, அதுவும் இதுவும் ஒரே குடும்பம் என்பது அப்போதுதான் உறைத்தது. இது மட்டும் நனையாமலே, உலர்ந்தே வெடிக்கிறது.

சிகாகோ புறநகர்

லண்டன் குளிரை வைத்துக்கொண்டு மார்க்கத்தாருக்குப் பாடம் எடுப்பது முறையாகாது. 2019 ஜனவரி இறுதியில் இங்கே மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போனது. என்னிடமுள்ள ஸ்பினோசஸ் என்ற அகாந்தஸ் வகை பனிமூடாக்கின் கீழ் அதைப் பிழைத்து, அடுத்த கோடையில் இரண்டு பூந்தண்டு விட்டது. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் சில செய்திகளைச் சொல்லாமல் போக முடியவில்லை. அகாந்தஸைக் கொல்வது குளிர் மட்டுமன்று, குளிரோடு சேர்ந்த ஈரம்; களிமண்ணாக இருந்தால் சரளை கலந்து, பாத்தியைச் சற்று மேடாக்கி நடுங்கள். இலையுதிர் காலத்தில் நடாதீர்கள், மே மாதத்தில் நட்டால்தான் வேர் ஆழமாக இறங்க ஒரு முழுக் கோடை கிடைக்கும். மண் உறைந்த பிறகே மூடாக்குப் போட வேண்டும். பலரும் அக்டோபரிலேயே மேப்பிள் இலைகளைக் குவித்துவிடுகிறார்கள், அவை நனைந்து அப்பளம் போல ஒட்டிக்கொண்டு அடித்தண்டை அழுகச் செய்கின்றன. வைக்கோலோ பைன் கிளைகளோ போடுங்கள், காற்று உள்ளே போக வேண்டும். வசந்தத்தில் அவற்றை ஒரே நாளில் எடுக்காமல் மெல்ல மெல்ல விலக்குங்கள், பின்பனி வரும் இரவில் ஒரு துணியைப் போர்த்துங்கள். நிழலில் வளரும் என்று நூல்கள் சொல்வது வெப்ப நாடுகளுக்கு. நமக்கு முழு வெயில் தேவை. நட்ட மூன்றாம் ஆண்டுக்கு முன் பூவை எதிர்பார்க்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மொல்லிஸை விட்டுவிடுங்கள்.

பாரிஸ்

வட்டமாக முளைத்ததைப் படித்தவுடன் பண்டைய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் சொல்லும் கதைதான் நினைவுக்கு வந்தது. கிரேக்கத்தின் கொரிந்து நகரில் இறந்துபோன ஒரு பெண்ணின் பொருள்களைக் கூடையிலிட்டு, மேலே ஓடு ஒன்றை மூடி, அவள் கல்லறையின் மேல் வைத்தார்கள். அது தற்செயலாக ஓர் அகாந்தஸ் வேரின் மேல் அமைந்துவிட்டது. நடுவில் பாரம் அழுத்தியதால் வசந்தத்தில் இலைகள் கூடையின் பக்கங்களைச் சுற்றி எழுந்து, ஓட்டின் முனைகளில் முட்டி வெளியே சுருண்டன. அவ்வழியே சென்ற கலிமக்கஸ் என்ற சிற்பி அதைப் பார்த்துத்தான் அகாந்தஸ் இலைகள் சூழ்ந்த கொரிந்தியத் தூணின் தலைப்பகுதியை அமைத்தார் என்பது கதை. கதை உண்மையோ இல்லையோ, அதைச் சொன்னவர் இந்தச் செடியை உற்றுப் பார்த்திருக்கிறார்.

மார்க்கம், ஒன்டாரியோ

சிகாகோ நண்பரின் அறிவுரைக்கு நன்றி, நான் அதைக் கேட்கவில்லை என்றாலும். மொல்லிஸை விடுவதாக இல்லை. ஏழு என்று எழுதியிருந்தேன். நேற்று மாலை எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.