ஆன்டிபயாடிக் முடிந்து ஒரு மாதமாகியும் வயிறு சரியில்லை, நல்ல பாக்டீரியா பெருக என்னதான் வேண்டும்?

இரவுப்பறவை:
பல் வைத்தியத்துக்காக ஒரு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். அதிலிருந்து வயிறு வழிக்கு வரவில்லை. புரோபயாட்டிக் (உயிருள்ள நல்ல பாக்டீரியா) கேப்ஸ்யூல் ஒரு மாதமாகப் போடுகிறேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நார்ச்சத்துதான் மருந்து என்று படித்துவிட்டு, போன திங்கட்கிழமை ஒரே நாளில் பயறு, பச்சை வெங்காயம், ஓட்ஸ் என்று வெளுத்துக் கட்டினேன். ராத்திரி முழுக்க வயிறு மத்தளம். பக்கத்தில் படுக்க யாரும் தயாராக இல்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

தவளைக்கல்:
கேப்ஸ்யூலில் வருவது பெரும்பாலும் விருந்தாளி. நிறுத்திய சில நாட்களிலோ வாரங்களிலோ போய்விடும். ஏற்கெனவே குடியிருப்பதைத்தான் வளர்க்க வேண்டும், அதற்குச் சாப்பாடு மட்டும் போதாது, இடமும் தோதாக இருக்க வேண்டும்.

நமக்குச் செரிக்காத நார் பெருங்குடலுக்கு அப்படியே போய்ச் சேருகிறது. பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல பாக்டீரியா வகை அதை நொதிக்க வைத்து அசிட்டேட், லாக்டேட் என்ற அமிலங்களை விடும், வேறு சில பாக்டீரியா அவற்றைச் சாப்பிட்டு பியூட்டிரேட் என்ற இன்னொரு அமிலமாக ஆக்கும். குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருளே இந்த பியூட்டிரேட்தான். அதை எரிக்கும்போது அந்த செல்கள் ஆக்சிஜனைக் காலி செய்துவிடுவதால் குடலுக்குள் ஆக்சிஜன் கசிவதில்லை. ஆக்சிஜனே ஆகாத நல்ல பாக்டீரியாவுக்கு அதுதான் வேண்டும். ஆன்டிபயாடிக் பியூட்டிரேட் செய்கிறவற்றைக் கொன்றுவிட்டால் எரிபொருள் குறைந்து, ஆக்சிஜன் கசிந்து, ஈ.கோலை மாதிரி ஆக்சிஜனைத் தாங்குகிறவை இடம் பிடிக்கும். உங்கள் வயிற்றிலும் இப்படி ஏதாவது நடந்திருக்கலாம், அடித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று அமிலத்தன்மை. பெருங்குடலின் ஆரம்பத்தில் நொதித்தல் மும்முரமாக நடப்பதால் பி.ஹெச். (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5 முதல் 6 வரை இருக்கும், கடைசிப் பகுதியில் 7-ஐ நெருங்கும். அமிலம் பிஃபிடோவுக்குப் பரவாயில்லை, கெட்டது செய்கிற பலவற்றுக்கு ஆகாது. நாரே வராவிட்டால் அமிலமும் குறையும், பசித்த பாக்டீரியா சில குடல் சுவரின் சளிப் படலத்தையே தின்ன ஆரம்பிக்கும். மலச்சிக்கலும் இதே கணக்குதான்: ரொம்ப நேரம் தேங்கினால் மாவுச்சத்து தீர்ந்து புரதம் அழுக ஆரம்பிக்கும், நாற்றம் அங்கிருந்துதான்.

திங்கட்கிழமை நீங்கள் செய்தது, ஆளே குறைந்துபோன சமையலறையில் கல்யாணச் சமையல் ஏற்றிய மாதிரி. கால் பங்கில் ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் ஏற்றுங்கள். தண்ணீரும் குடியுங்கள்.

மூன்றாம்பிறை:
தவளைக்கல் சொல்வது சரி, ஆனால் எல்லாருக்கும் நாரை ஏற்று என்று சொல்லிவிட முடியாது. எனக்கு ஐ.பி.எஸ்., அதாவது அடிக்கடி வயிற்று வலி, உப்புசம் என்று படுத்தும் குடல் கோளாறு. வெங்காயம், பூண்டு, கோதுமை எல்லாம் நிறுத்தியதும் வயிறு அடங்கியது, நானும் அப்படியே ஏழெட்டு மாதம் ஓட்டினேன். அப்புறம் உணவியல் நிபுணர் திட்டினார். அந்த உணவுமுறை சில வாரங்களுக்குத்தானாம், நீட்டினால் பிஃபிடோதான் முதலில் குறையுமாம். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்ததில் பூண்டு மட்டும்தான் ஆகவில்லை. இத்தனை மாதம் வெங்காயம் இல்லாமல் இருந்தது வீண்!

ஆறுமுழம்:
ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் தண்ணியாகப் போகிறதா, காய்ச்சல், ரத்தம் ஏதாவது? இருந்தால் இங்கே கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், டாக்டரிடம் போங்கள். ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு சி.டிஃப் என்று ஒரு தொற்று வரும், அது நாரால் தீராது. அப்படி இல்லையென்றால் வேகவைத்து ஆறவைத்த உருளைக்கிழங்கு கொஞ்சம் முயற்சி செய்யுங்கள். ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறிவிடும், மெதுவாக நொதிப்பதால் வெங்காயம் அளவுக்கு ஊதாது.

இரவுப்பறவை:
காய்ச்சல், ரத்தம் எதுவும் இல்லை, வாயு மட்டும்தான். சரி, நாளையிலிருந்து உருளைக்கிழங்கு, வெங்காயம் வதக்கி இரண்டு ஸ்பூன். கேப்ஸ்யூல் இன்னும் 11 மிச்சம் இருக்கிறது, காசு கொடுத்தாயிற்று, விருந்தாளியாகவே வந்துவிட்டுப் போகட்டும்.